ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்? இயன்முறை மருத்துவ மாணவரின் பயிற்சியை அமைக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

பக்கவாதம் வந்து பத்து நாளான ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் வேலையை ஒரு மாணவரிடம் ஒப்படைத்தால், அந்த இரண்டு நிமிடங்களுக்குள் அவர் எத்தனை முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். நாற்காலியை நோயாளியின் பலமுள்ள பக்கத்தில் போடுவதா, தளர்ந்த பக்கத்தில் போடுவதா. இரண்டு சக்கரங்களுக்கும் பிரேக் போட்டாயிற்றா, கால்தாங்கிகளை மடக்கியாயிற்றா. கட்டில் விளிம்பில் உட்கார வைத்த உடனே எழுப்பிவிடலாமா, தலைசுற்றுகிறதா என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுக்க வேண்டுமா. நோயாளியின் தளர்ந்த முழங்காலுக்குத் தம் முழங்காலால் எந்த இடத்தில் முட்டுக் கொடுப்பது. தளர்ந்த தோளைப் பிடித்து இழுத்துவிடாமல் கையை எங்கே வைப்பது. எவ்வளவு உதவுவது, எவ்வளவை நோயாளியே செய்யும்படி விடுவது. இவை எல்லாமே பாடப்புத்தகத்தில் இருப்பவைதான் என்றாலும், அவற்றை வரிசையாக நினைவுக்குக் கொண்டுவர அந்தக் கட்டிலருகில் அவகாசம் கிடைப்பதில்லை.

அந்த இரண்டு நிமிடமும் மேற்பார்வையாளர் எங்கே நிற்கிறார் என்பதுதான் பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தின் நேரடிப் பயிற்சியில் அடிப்படைக் கேள்வி. அவர் தாமே செய்துகாட்டி மாணவரைப் பார்க்கச் சொல்லலாம். கை எட்டும் தூரத்தில் நின்று மாணவரைச் செய்யவிடலாம். வார்டின் மறுகோடியிலிருந்து கவனிக்கலாம். கூப்பிட்டால் வரும் தொலைவில் வேறொரு நோயாளியுடன் இருக்கலாம். ஒரு மேற்பார்வையாளருக்கு ஒரு மாணவரா, இருவரா, ஒரு மாணவரைப் பலர் பகிர்ந்துகொள்வதா, நோயாளியைத் தொடுவதற்கு முன் மாதிரிச் சூழலில் ஒரு வாரம் பழக்குவதா என்று கல்லூரியின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரும் மருத்துவமனைத் துறைத் தலைவரும் உட்கார்ந்து பேசும்போது, அவர்கள் உண்மையில் முடிவு செய்வது இந்த நான்கு நிலைகளும் ஒரு நாளில் எந்த விகிதத்தில் நிகழப்போகின்றன என்பதைத்தான். இந்தக் கட்டுரை அப்படி முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக எழுதப்படுகிறது. போஸ்டிங் எங்கே கிடைக்கும் என்று காத்திருக்கும் மாணவர்களுக்கும் இதில் கொஞ்சம் பயன் இருக்கும்.

பயிற்சியின் அளவைப் பற்றிப் பேசும்போது எல்லா நாடுகளிலும் முதலில் எடுக்கப்படுவது காலக் கணக்கு. பாடத்திட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரடிப் பயிற்சியாக இருக்க வேண்டும் என்பது உலக இயன்முறை மருத்துவக் கூட்டமைப்பின் வழிகாட்டல். பிரிட்டனில் 1,000 மணி நேரம், கனடாவில் 1,025 மணி நேரம், அமெரிக்காவில் முழுநேரமாகக் குறைந்தது 30 வாரம் என்று ஒவ்வொரு நாடும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இந்தக் கணக்குகள் அவசியமானவை. ஆனாலும் லாக் புக்கில் கையெழுத்தான மணி நேரம், மாணவர் அங்கே இருந்தார் என்பதைத்தான் சொல்லும். இருந்த நேரத்தில் அவர் எதையாவது தாமாகத் தீர்மானித்தாரா, மூன்று மணி நேரம் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாரா என்பதைச் சொல்லாது.

எந்த அமைப்பு சிறந்தது என்பதற்கு ஆராய்ச்சியிலிருந்து ஒரே வரியில் விடை எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் கிடைக்கும். இத்துறை மாணவர்களின் பயிற்சி முறைகளைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான ஆஸ்திரேலிய மதிப்பாய்வு ஒன்று, எந்த ஒரு முறையும் மற்றதைவிட மேலானது என்று நிறுவ முடியவில்லை என்றே முடித்தது. அதைப் படித்துவிட்டு எந்த முறையில் நடத்தினாலும் ஒன்றுதான் என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்த வாசிப்பு தவறு என்பது என் உறுதியான கருத்து. ஒரே முறை ஓரிடத்தில் நன்றாகவும் இன்னோரிடத்தில் மோசமாகவும் நடக்கிறது என்றால், முறையின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. மாணவரின் நிலை, நோயாளிகளின் தன்மை, மேற்பார்வையாளரின் அனுபவம் ஆகிய மூன்றையும் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்படித் தேர்ந்தெடுக்க நான் பயன்படுத்தும் அளவுகோல் எளியது. மாணவர் யாரும் சொல்வதற்கு முன்பே ஒரு முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு செயலாவதை விவரம் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தவர் அதைப் பற்றி அன்றைக்கே மாணவருடன் பேச வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து நடந்தால் அதை ஒரு முறை என்று எண்ணிக்கொள்ளலாம். ஒரு நாளில் இப்படி எத்தனை முறை நடக்கிறது? மருத்துவக் கல்வியில் ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்த நான்கு படிப் பிரமிடு, அறிதல், எப்படி என்று அறிதல், செய்துகாட்டுதல், நடைமுறையில் செய்தல் என்று மேலேறுகிறது. மூன்றாம் படி வரை வகுப்பறையும் செய்முறைத் தேர்வும் கொண்டுசெல்லும். நான்காம் படி நோயாளியின் அருகில் மட்டுமே இருக்கிறது, அதற்காகத்தான் மாணவரை மருத்துவமனைக்கு அனுப்புகிறோம்.

முதலில் ஒருவருக்கு ஒருவர் என்ற அமைப்பு. பெரும்பாலோர் இப்படித்தான் பயின்றிருக்கிறோம், அதனாலேயே இதுதான் இயல்பானது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. இதன் பெரிய பலம் பாதுகாப்பு. மேற்பார்வையாளரின் கண்கள் ஒரே மாணவர் மீது இருப்பதால், தவறு நிகழ்வதற்கு அரை நொடி முன்பே கையை நீட்டித் தடுக்க முடிகிறது. செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளிக்குச் சளி உறிஞ்சுவது, அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதன்முறையாக எழுப்பி நிறுத்துவது, கழுத்து முள்ளெலும்பில் செய்யும் கைமுறைச் சிகிச்சை போன்றவற்றுக்கு இதைத் தவிர வேறு எந்த அமைப்பையும் நான் ஏற்கமாட்டேன். இரண்டாவது பலம், மாணவரின் தனிப்பட்ட குறை சீக்கிரம் தெரிந்துவிடுவது. கைத்திறன் நன்றாக இருந்தும் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படும் மாணவரைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க இரண்டு வாரமாகும். தனியாக இருந்தால் இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

பலவீனமும் அதே நெருக்கத்திலிருந்துதான் வருகிறது. விடை தெரிந்தவர் பக்கத்திலேயே நிற்கும்போது மாணவர் யோசிப்பதற்கு முன் கேட்டுவிடுகிறார், மேற்பார்வையாளரும் வேலை ஓட வேண்டும் என்பதற்காக உடனே சொல்லிவிடுகிறார். எட்டு மணி நேரம் இருவரும் ஒன்றாகவே இருந்திருப்பார்கள். மாணவர் எடுத்த முடிவுகளை எண்ணினால் மூன்றோ நான்கோ தேறும். இன்னொரு சிக்கல் மதிப்பீடு. மாணவரைப் பார்த்தவர் ஒரே ஒருவர் என்பதால், அவருக்குப் பிடித்த பாணியில் செய்பவர் நல்ல மாணவராகவும், அதே வேலையைச் சரியாகவே வேறு விதமாகச் செய்பவர் சுமாரான மாணவராகவும் ஆகிவிடும் வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஒருவர் இல்லாமல் போகும் நேரம் ஒன்று உண்டு. என் மாணவப் பருவத்தில், வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து மறுநாள் இருந்த ஒருவரை உட்கார வைப்பதற்காக நானும் என் மேற்பார்வையாளரும் போயிருந்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அவசரமாக அழைப்பு வரவே, நீ ஆரம்பித்துக்கொண்டிரு, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். நானும் ஆரம்பித்தேன். படுத்திருந்தபோது இரத்த அழுத்தம் பார்த்திருந்தேன், சரியாக இருந்தது. உட்கார வைத்த பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் கருவி கட்டிலின் மறுபக்கத்தில் இருந்தது, நோயாளியை விட்டுவிட்டு அதை எடுக்கப் போக முடியவில்லை. அவருடைய உதடு வெளுத்தது. நெற்றியில் வியர்வை பொடித்தது. நான் சொன்னதற்குப் பதில் வரவில்லை. எதிர்க்கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த செவிலியர் ஓடி வந்து, கால்களைத் தூக்கி அவரைப் படுக்க வைத்தார். சில நிமிடங்களில் நோயாளி சரியாகிவிட்டார். அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது பெரிய நிபுணர் ஒருவரல்ல. அந்தக் கருவியை எடுத்துக் கொடுக்கவும், முகம் வெளுக்கிறதே என்று என்னிடம் சொல்லவும் என்னைப் போலவே இன்னொரு மாணவர் பக்கத்தில் இருந்திருந்தால் போதும்.

இங்கிருந்துதான் ஒரு மேற்பார்வையாளருக்கு இரண்டு மாணவர் என்ற அமைப்பின் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது. இடப்பற்றாக்குறையைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழி என்றே பலரும் இதை நினைக்கிறார்கள், பல இடங்களில் அது அப்படித்தான் தொடங்குகிறது என்பதும் உண்மை. ஆனாலும் இதற்குள் கற்றலுக்கே உரிய ஒரு நன்மை இருக்கிறது. அதைச் சொல்வதைவிட, புறநோயாளிப் பிரிவில் நடந்த ஒன்றைக் காட்டுவது எளிது.

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரத்தில் வந்திருந்த ஒருவருக்கு, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று, ஓர் அச்சில் இணைந்த இரண்டு கைகள் கொண்ட கோண அளவுகருவியான கோனியோமீட்டரால் அளக்க வேண்டியிருந்தது. முதல் மாணவி அளந்து 95 டிகிரி என்றார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. இரண்டாவது மாணவர் அளந்து 105 என்றார். இரண்டு பேர் அளக்கும்போது ஐந்து டிகிரி அளவுக்கு வேறுபடுவதைப் பொதுவாகப் பெரிதுபடுத்துவதில்லை; பத்து என்றால் எங்கோ பிழை இருக்கிறது. எது சரி என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள், நோயாளியும் ஆவலோடு என்னைப் பார்த்தார். நீங்களே கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்தேன். கருவியின் அச்சை இருவரும் முழங்காலின் வெளிப்புற எலும்பு மேட்டில் சரியாகவே வைத்திருந்தார்கள். நகரும் கையும் வெளிக்கணுக்காலை நோக்கிச் சரியாகவே இருந்தது. நிலையான கையைத்தான் முதல் மாணவி தொடையின் மேல்புறத் தசையின் சாய்வைப் பார்த்து வைத்திருந்தார். இடுப்புக்குக் கீழே வெளியே துருத்தும் பெரிய எலும்பு முண்டைத் தொட்டுத் தேடவில்லை. அந்தப் பிழையை மட்டும் திருத்திக் கணக்கிட்டபோது முதல் அளவு 101 ஆனது. மிச்சமுள்ள நான்கு எங்கே போனது? அதற்கான விடையை இரண்டாவது மாணவர் சொன்னார்: முதல் அளவின்போது மூட்டு இறுக்கமாக இருந்தது, நான்கைந்து முறை மடக்கி நீட்டிய பிறகுதான் தம் முறை வந்தது, அதற்குள் முழங்கால் கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். இனிமேல் எத்தனை முறை மடக்கிய பிறகு எடுத்த அளவு என்பதையும் சேர்த்தே கேஸ் ஷீட்டில் எழுதுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். நான் ஒரே வரியில் சொல்லியிருக்கக்கூடிய விஷயம்தான் இது. அப்படிச் சொல்லியிருந்தால் மறுநாள் மறந்திருப்பார்கள்.

என்னிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை ஒரு மாணவர் சக மாணவரிடம் தயங்காமல் கேட்கிறார், அவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல முயலும்போதுதான் தமக்கு எவ்வளவு தெரியாது என்பதை உணர்கிறார். கூட்டாகப் பயிலும் இம்முறையைக் கனடாவில் பரிசோதித்து 1993இல் வெளியான ஆய்வில், இணையாகப் பயின்ற மாணவர்கள் தனியாகப் பயின்றவர்களைவிட நல்ல மதிப்பீடு பெற்றார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2014இல் வெளியான ஒரு சோதனையில், சக மாணவர் வழிக் கற்றலுக்கென்று கட்டாயப் பணிகளை வகுத்துத் தந்த முறையையும் வழக்கமான முறையையும் ஒப்பிட்டபோது, மாணவர்களின் திறனில் வேறுபாடு தெரியவில்லை. மேற்பார்வையாளர்களும் மாணவர்களும் வழக்கமான முறையையே விரும்பினார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது, இரண்டு மாணவர் இருப்பதுதான் பலன் தருகிறது, ஒவ்வொரு மணிக்கும் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி அவர்களின் பேச்சையே ஒரு பணியாக மாற்றினால் அந்தப் பலன் கசந்துபோகிறது என்பதுதான். நாளுக்கு ஒரு நோயாளியை இருவரும் சேர்ந்து பார்ப்பது, ஒருவர் சிகிச்சை தரும்போது மற்றவர் கவனிக்க வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது, இவ்விரண்டுக்கு மேல் நான் எதையும் கட்டாயமாக்குவதில்லை.

இதில் உள்ள சங்கடங்களையும் மறைக்கக் கூடாது. ஒரே முழங்காலை இருவர் அளப்பதற்கு நோயாளி சம்மதிக்க வேண்டும். வலியோடு வந்திருப்பவரிடம் அதைக் கேட்பதே சில நாள் நியாயமாக இராது. மேற்பார்வையாளரால் ஒரே நேரத்தில் இரண்டு கட்டில்களைக் கவனிக்க முடியாது என்பதால், ஒரு மாணவர் ஆபத்துள்ள வேலையில் இருக்கும்போது மற்றவருக்குப் பதிவு எழுதுவது அல்லது ஏற்கெனவே தேறிய எளிய பயிற்சியை நோயாளிக்குத் தருவது போன்ற வேலையை ஒதுக்கும் அளவுக்குக் காலையிலேயே திட்டமிட்டாக வேண்டும். இருவரில் ஒருவர் வேகமாகவும் மற்றவர் மெதுவாகவும் இருந்தால், மெதுவானவர் மற்றவரின் நிழலில் ஒதுங்கிக்கொள்வார். நோயாளிகள் குறைவாக உள்ள பிரிவில் இருவரும் ஒரே வேலைக்குப் போட்டியிடுவார்கள். இருவரையும் ஒப்பிட்டு ஒருவர் முன் மற்றவரைப் பேசும் மேற்பார்வையாளரின் கையில் இந்த அமைப்பு முழுவதுமாகக் கெட்டுவிடும். அப்படிப்பட்டவரிடம் இரண்டு மாணவர்களை அனுப்புவதைவிட ஒருவரை அனுப்புவதே மேல்.

மூன்றாவது அமைப்பு, ஒரு மாணவரைப் பலர் பகிர்ந்துகொள்வது. பகுதிநேரப் பணியாளர்களும் ஷிப்ட் முறையும் உள்ள இடங்களில் இது தானாகவே அமைந்துவிடுகிறது: திங்கள், செவ்வாய் ஒருவர், மற்ற நாட்கள் இன்னொருவர். ஒரே வேலையைப் பல கைகள் பல விதமாகச் செய்வதைப் பார்க்கலாம் என்பது இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம். கடைசி ஆண்டு மாணவருக்கு அது உண்மையிலேயே நல்லது. தொடக்கநிலை மாணவருக்கோ, திங்களன்று ஒருவர் சொன்னதை வியாழனன்று இன்னொருவர் மறுப்பது வெறும் குழப்பமாகவே முடிகிறது. என் அளவுகோலின்படி பார்த்தால் இங்கே மூன்றாவது அம்சம்தான் அடிபடுகிறது. பார்த்தவர் ஒருவர், பேசுபவர் இன்னொருவர். போன வாரம் என்ன குறை சுட்டிக்காட்டப்பட்டது, அது திருந்தியதா என்பதைத் தொடர்ந்து அறிந்தவர் யாரும் இல்லை. இந்த அமைப்பைத் தவிர்க்க முடியாவிட்டால், அந்தக் குழுவில் ஒருவரை மாணவருக்கு முழுப்பொறுப்பாளராகப் பெயர் குறித்து நியமித்து, மற்றவர்கள் ஒவ்வொரு நாளும் இரண்டு வரியாவது அவருக்கு எழுதிவைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அது முடியாத துறை, மாணவரை அந்தத் தடவை ஏற்காமல் இருப்பதே நேர்மை.

நான்காவது வழி மேற்சொன்ன மூன்றுக்கும் மாற்று அல்ல, முன்னோட்டம். பயிற்சி பெற்ற நடிகர்கள் நோயாளியாக வந்து உட்கார, மாணவர் விசாரித்து, பரிசோதித்து, சிகிச்சை தந்து, தவறினால் நிறுத்தி மறுபடி செய்யும் சிமுலேஷன் பயிற்சி இது. இதைப் பற்றி நம்மிடம் ஓரளவு உறுதியான சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் எலும்பு, மூட்டு, தசை சார்ந்த பயிற்சியில் இருந்த மாணவர்களிடையே நடத்தி 2012இல் வெளியிடப்பட்ட இரண்டு சோதனைகளில், நான்கு வாரப் பயிற்சியில் கால் பங்கு சிமுலேஷனாக மாற்றப்பட்டது. ஒன்றில் முதல் வாரம் முழுவதும் சிமுலேஷன், பின் மூன்று வாரம் நோயாளிகள். மற்றதில் முதல் இரண்டு வாரமும் பாதிக்குப் பாதி. 20 அம்சங்களுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் தரும் அந்நாட்டு மதிப்பீட்டுப் படிவத்தால் இறுதியில் அளந்தபோது, நான்கு வாரமும் நோயாளிகளோடு இருந்தவர்களைவிட இவர்கள் எவ்விதத்திலும் பின்தங்கவில்லை. மறு ஆண்டு வெளியான இதய, நுரையீரல் சார்ந்த சோதனைகளிலும் முடிவு இதைப் போலவே இருந்தது.

இந்த முடிவை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதில் கவனம் வேண்டும். கால் பங்கை மாற்றலாம் என்று நிறுவப்பட்டதே தவிர, பாதியை மாற்றலாம் என்று நிறுவப்படவில்லை. அந்தச் சோதனைகளில் நடிகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முறையான பயிற்சி தரப்பட்டிருந்தது; ஒரு பொம்மையை மேசையில் கிடத்திவிட்டு அதற்குச் சிமுலேஷன் என்று பெயர் வைத்தால் அதே பலன் வராது. நோயாளியின் வீட்டுக் கவலை, நேற்றிரவு தூங்காத எரிச்சல், பயிற்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிடிவாதம் ஆகியவற்றை நடிகர் நன்றாகவே நடிக்கலாம், ஆனால் தசை இறுக்கத்தை அவரால் நடிக்க முடியாது. பக்கவாதம் வந்தவரின் முழங்கையை வேகமாக நீட்டும்போது கையில் உணரும் அந்தப் பிடிப்பையும், அது திடீரென விட்டுக்கொடுப்பதையும் தொட்டுத்தான் கற்க வேண்டும். அபூர்வமாக வருவதும் ஆபத்தானதுமான சூழ்நிலைகளுக்கு, உதாரணமாக நடந்துகொண்டிருக்கும்போதே நோயாளிக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்பதற்கு, சிமுலேஷனை விடச் சிறந்த இடமில்லை. அதை ஒரு மாணவர் உண்மையான நோயாளியிடம் முதன்முறையாகக் கற்றுக்கொள்வதை யாரும் விரும்பமாட்டார்கள்.

மாணவர்களே முன்னின்று நடத்த, ஆசிரியர்கள் பின்னிருந்து கவனிக்கும் கிளினிக்குகளும் சில கல்லூரிகளில் உண்டு. கடைசி ஆண்டு மாணவருக்குத் தினமும் முடிவெடுக்கும் வாய்ப்பை அள்ளித் தரும் இடம் அது. கடுமையான நிலையில் உள்ள நோயாளிகள் அங்கே வருவதில்லை என்பதால், மருத்துவமனைப் பயிற்சிக்கு அதைத் துணையாகக் கொள்ளலாம், ஈடாகக் கொள்ள முடியாது.

தொடர்ச்சியாக ஆறு வாரமா, வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் பருவம் முழுவதுமா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே எழும். இதில் என் தேர்வு பெரும்பாலும் தொடர்ச்சியான வாரங்கள்தான், காரணம் நோயாளி. இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் கட்டிலில் எழுந்து உட்காருவதையும், வாக்கர் பிடித்து நான்கடி வைப்பதையும், படியேறிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போவதையும் ஒரே மாணவர் தொடர்ந்து பார்த்தால்தான், தாம் திங்களன்று எடுத்த முடிவு வெள்ளியன்று என்ன விளைவைத் தந்தது என்று அவருக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு நாள் வருபவர், அடுத்த முறை வரும்போது கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பதைத்தான் பார்ப்பார். வாரக்கணக்கில் வந்துபோகும் புறநோயாளிகளுக்கும், மாதக்கணக்கில் சிகிச்சை பெறும் பெருமூளை வாதக் குழந்தைகளுக்கும் இந்த வாதம் பொருந்தாது. அங்கே பரவலான நாட்களே மாற்றத்தைக் காட்டும்.

இவற்றையெல்லாம் ஒருசேர வைத்து ஒரு துறை என்னிடம் ஆலோசனை கேட்டால் நான் சொல்வது இதுதான். முதன்முறையாக நோயாளியைத் தொடப்போகும் மாணவர்களுக்கு ஒரு வாரச் சிமுலேஷனும், அதன் பின் முதல் சில நாட்கள் ஒருவருக்கு ஒருவர் மேற்பார்வையும் வேண்டும். அடிப்படைப் பரிசோதனையில் கை பழகியவுடன், எலும்பு மூட்டுப் புறநோயாளிப் பிரிவிலும் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவிலும் இருவர் இருவராக இணைத்துவிடலாம். ஒரு நோயாளியோடு முக்கால் மணி நேரம் செலவிட முடிகிற, பேசுவதற்கு இடமுள்ள பிரிவுகள் இவை. தீவிர சிகிச்சைப் பிரிவில் மாணவர் எந்த ஆண்டாக இருந்தாலும் ஒருவருக்கு ஒருவர், அதுவும் கை எட்டும் தூரத்தில். வீடு தேடிச் சென்று சிகிச்சை தரும் பணியில், இடம் சிறியது, குடும்பத்தார் சூழ்ந்திருப்பார்கள் என்பதால் ஒரு மாணவர் போதும். முதன்முறையாக மேற்பார்வையாளர் ஆகிறவருக்கு இரண்டு மாணவர்களைத் தருவது, அவருக்கும் மாணவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இழைக்கும் அநீதி. நல்ல சிகிச்சையாளர் எல்லாரும் நல்ல மேற்பார்வையாளர் ஆகிவிடுவதில்லை. அதற்கும் பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சிக்கான நேரத்தை அவருடைய நோயாளிக் கணக்கிலிருந்து துறை கழித்துக் கொடுக்க வேண்டும்.

நேரம் இல்லை என்பதுதான் எந்த அமைப்பிலும் முதலில் கேட்கும் முறையீடு. அதற்காகவே குடும்ப மருத்துவப் பயிற்சியில் 1992இல் ஐந்து படிகள் கொண்ட ஒரு சிறு முறை வகுக்கப்பட்டது. ஒரு நிமிடப் பயிற்றுநர் என்ற பெயரில் அது பரவியிருக்கிறது. மாணவரை ஒரு நிலைப்பாடு எடுக்கச் சொல்வது, ஏன் அப்படி நினைக்கிறார் என்று கேட்பது, ஒரே ஒரு பொதுவிதியைக் கற்பிப்பது, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்வது, தவறைத் திருத்துவது. இதில் முதல் படிதான் உயிர். நோயாளியின் அறையிலிருந்து வெளியே வந்ததும் நாம் விளக்கத் தொடங்காமல், உங்கள் கணிப்பு என்ன என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனம் முதல் சில நாட்கள் இருவருக்கும் சங்கடமாக இருக்கும். பத்து நொடியாவது தாங்கிக்கொண்டால் மாணவர் பேசத் தொடங்கிவிடுவார்.

கடைசியாக, பின்தங்கும் மாணவரைப் பற்றி. இணையாகப் பயிலும் இருவரில் ஒருவர் தேறவில்லை என்பது பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் வாய்விட்டுப் பேசப்படுகிறது; அதற்குள் மற்றவரின் உதவியால் அந்தக் குறை மறைந்துகிடந்திருக்கும், திருத்திக்கொள்ளவும் நாள் இருக்காது. அதனால் மாணவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே நடுக்கால மதிப்பீட்டுக்கு ஒரு தேதியைக் குறித்துவிட வேண்டும், ஆறு வாரப் பயிற்சி என்றால் மூன்றாவது வார வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. அன்றைக்கு இருவரையும் தனித்தனியாக, முன்பின் பார்க்காத ஒரு நோயாளியிடம் அனுப்பி, தொடக்கம் முதல் முடிவு வரை குறுக்கிடாமல் கவனிக்க வேண்டும். ஒருவர் தடுமாறினால், அவருடைய மனம் நோகாத வகையில் தனியே சொல்லிவிட்டு, அடுத்த ஒரு வாரத்துக்கு மட்டும் இணையைப் பிரித்து, அவரைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, மற்றவருக்கு அதே துறையில் வேறொரு மேற்பார்வையாளரை ஏற்பாடு செய்யலாம். அந்த இரண்டாவது மேற்பார்வையாளர் யார் என்பதும் முதல் நாளே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும்.